மாத்திரையைக் குறைக்கலாம் என்றால் ஏன் கோபம் வருகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். உங்கள் அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. தினமும் ஒன்பது மாத்திரை. வழக்கமாகப் பார்க்கும் டாக்டர், "இதில் இரண்டு இனிமேல் தேவைப்படாது, மெதுவாக நிறுத்திப் பார்க்கலாம்" என்றார். அப்பா அங்கே தலையாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்ததும், "வயசாயிடுச்சு, இனிமே இவனுக்கு எதுக்குன்னு கைகழுவுறாங்க" என்று புலம்பினார். மாத்திரை குறைவது நல்ல செய்திதானே, எல்லாருமே இப்படித்தானா, தேவையில்லாத மருத்துவத்தைக் குறைப்பதை மக்கள் உண்மையில் விரும்புகிறார்களா வெறுக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பொது மருத்துவன். இந்தக் கேள்வியோடு தினமும் மல்லுக்கட்டுகிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே பதில் வரும்.

பொதுவாகக் கேட்டால் மக்கள் விரும்புகிறார்கள். தன் உடம்பு என்று வந்ததும் பயப்படுகிறார்கள். "இந்தக் காலத்தில் எதற்கெடுத்தாலும் டெஸ்ட், எதற்கெடுத்தாலும் மாத்திரை" என்று அலுத்துக்கொள்ளும் அதே மனிதர், தனக்கு மூன்று நாள் தலைவலி வந்தால் "எதுக்கும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பாத்துடலாமே" என்பார். இதை இரட்டை வேடம் என்று நான் சொல்ல மாட்டேன். தேவையில்லாத மருத்துவம் என்றால் அடுத்தவருக்குக் கொடுக்கப்படுவது என்றுதான் நம் எல்லார் மனதிலும் பதிந்திருக்கிறது. தனக்குக் கொடுக்கப்படுவது தேவையில்லாதது என்று யாருக்குத்தான் தோன்றும்?

உங்கள் அப்பா விஷயத்துக்கு நேரடியாகப் பொருந்தும் ஒரு கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் கேட்டு 2018இல் வெளியிட்டார்கள். டாக்டர் முடியும் என்று சொன்னால் ஒரு மாத்திரையையாவது நிறுத்தச் சம்மதமா என்ற கேள்விக்கு 92 சதவீதம் பேர் சம்மதம் என்றார்கள். மூன்றில் இரண்டு பேர், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் எண்ணிக்கை குறைந்தால் நல்லது என்றும் சொன்னார்கள். இதே கேள்வியைக் கேட்டிருந்தால் உங்கள் அப்பாவும் அந்த 92இல் ஒருவராக இருந்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். காகிதத்தில் 'ஏதோ ஒரு மாத்திரை' என்று இருக்கும்போது ஆம் என்பது சுலபம். பத்து வருஷமாகக் காலையில் எழுந்ததும் கை தேடும் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரை என்றால் கதை வேறு. "இதை மட்டும் விட்டுடாதீங்க" என்று ஒரு டாக்டர் எச்சரித்துக் கொடுத்திருப்பார். இப்போது இன்னொருவர் வேண்டாம் என்கிறார். கேட்பவருக்கு மூன்று சாத்தியங்கள்தான் தெரியும். அன்று சொன்னவர் தப்பு, அல்லது இன்று சொல்பவர் தப்பு, அல்லது இரண்டு பேரும் சரி, நான்தான் இனி செலவழிக்கத் தகுந்த ஆள் இல்லை. வயதானவர்கள் மூன்றாவதைத்தான் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். நான்காவதாக ஒன்று உண்டு. மருந்து மாறவில்லை, உடம்பு மாறிவிட்டது. அன்று உதவியது இன்று தலைசுற்ற வைக்கலாம். இதை யாரும் அவருக்கு உட்கார்ந்து விளக்கியிருக்க மாட்டார்கள்.

சரி, தேவையில்லாதது என்று எதைச் சொல்கிறோம்? வைரஸால் வந்த சளிக்கு ஆன்டிபயாடிக். எச்சரிக்கை அறிகுறி ஏதும் இல்லாத முதுகுவலிக்கு முதல் வாரமே எம்.ஆர்.ஐ. ஆரம்பித்த காரணம் தீர்ந்த பிறகும் தொடரும் மாத்திரை. நல்லது செய்வதைவிடக் கெடுதல் செய்யும் வாய்ப்பு அதிகமாகவோ, நல்லது செய்வதற்கே வாய்ப்பில்லாமலோ இருப்பவை. வளர்ந்த நாடுகளின் பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி. 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. மருத்துவத்துக்காகச் செலவாகும் பணத்தில் ஐந்தில் ஒரு பங்குவரை, யாருடைய உடல்நலத்துக்கும் பெரிதாக உதவாமல் போகிறது என்பது அதன் கணிப்பு. நிர்வாக விரயம், ஊழல் எல்லாம் அதில் சேர்த்திதான்.

பணத்தை வைத்து இந்தப் பேச்சை ஆரம்பித்தால் நோயாளியிடம் எடுபடாது. அவர் மனதில் ஓடுவது வேறு. ஒரு சம்பவம் சொல்கிறேன்.

நாற்பது வயது இருக்கும் அவருக்கு. இடுப்பைப் பிடித்துக்கொண்டே உள்ளே வந்தார். எட்டு நாளாக வலி. படுக்க வைத்து ஒவ்வொரு காலாகத் தூக்கிப் பார்த்தேன், கால் கட்டை விரலை என் கையை எதிர்த்து மேலே தூக்கச் சொன்னேன், முட்டியில் சுத்தியலால் தட்டினேன், உள்ளங்காலில் தொடு உணர்வு சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன், சிறுநீர் போவதில் சிக்கல் உண்டா, காய்ச்சல், எடை குறைவு ஏதும் உண்டா என்று கேட்டேன். எல்லாம் சரியாகவே இருந்தது. "பயப்பட ஒன்றுமில்லை. பெரும்பாலும் நாலிலிருந்து ஆறு வாரத்தில் நன்றாகக் குறைந்துவிடும். படுத்தே கிடக்காமல் நடமாடுங்கள். ஸ்கேன் இப்போது வேண்டாம்" என்றேன். அவர் முகம் தொங்கிப்போனது. "அப்ப ஒண்ணுமே பண்ண மாட்டீங்களா டாக்டர்?"

கால் மணி நேரம் குனிந்து குனிந்து பார்த்திருக்கிறேன், அவர் கணக்கில் அது எதுவுமே 'பண்ணியது' ஆகவில்லை! முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. அப்புறம் யோசித்தால் அவர் பக்கம் நியாயம் தெரிந்தது. கையால் தொட்டுப் பார்த்ததற்கு வெளியே எடுத்துச் செல்ல ஓர் அத்தாட்சி கிடையாது. ஸ்கேனுக்குப் பெரிய உறை உண்டு, ரிப்போர்ட் உண்டு, வீட்டில் காட்டலாம், மேலதிகாரியிடம் காட்டலாம். "எனக்கு வலிப்பது நிஜம்தான்" என்று ஒரு மெஷின் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறது. அவர் கேட்டதில் பாதி அந்தக் கையெழுத்து.

மீதிப் பாதி நிம்மதி. உள்ளே ஏதாவது இருந்தால் தெரிந்துவிடும், இல்லையென்றால் நிம்மதியாகத் தூங்கலாம் என்ற கணக்கு. கேட்க நியாயமாக இருக்கிறது, ஆனால் இரண்டுமே அப்படி நடப்பதில்லை.

முதுகுவலியே இல்லாத மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஸ்கேன்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் ஒரு கட்டுரை வந்தது. வலியில்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு முதுகெலும்புகளுக்கு இடையே இருக்கும் வட்டில் (டிஸ்க்) தேய்மானம். நாற்பது வயதில் 68 சதவீதம். எண்பது வயதில் 96. வட்டு பிதுங்கியிருப்பது நாற்பது வயதுக்காரர்களில் சரிபாதிப் பேருக்கு. தலைமுடி நரைப்பது மாதிரித்தான் இதில் பெரும்பகுதி. என் நோயாளிக்கு ஸ்கேன் எடுத்திருந்தால் 'தேய்மானம்', 'பிதுக்கம்' என்ற வார்த்தைகள் ரிப்போர்ட்டில் வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அன்றிரவே அவற்றைத் தேடிப் படித்திருப்பார். வலி ஆறு வாரத்தில் போயிருந்தாலும், குனிந்து ஒரு பையைத் தூக்கும் ஒவ்வொரு முறையும் 'என் முதுகு தேய்ந்துபோனது' என்ற நினைப்பு வரும். கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

எல்லாம் நார்மல் என்று வந்தால் மட்டும்? கடுமையான நோய்க்கு வாய்ப்புக் குறைவாக இருந்தும் டெஸ்ட் எடுக்கப்பட்டவர்களைப் பற்றிய 14 ஆய்வுகளை 2013இல் சேர்த்துப் பார்த்தார்கள். நார்மல் ரிசல்ட் அவர்களுடைய நோய் பயத்தையோ பதற்றத்தையோ நீடித்த அளவில் குறைக்கவில்லை. நோயாளிகளைப் பார்ப்பவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. 'ரத்தத்தில் ஒன்றுமில்லை' என்றதும் வரும் அடுத்த கேள்வி, "அப்ப ஏன் வலிக்குது?" என்பதுதான்.

இதுவரை பழியை நோயாளிகள் மேல் போடுகிற மாதிரி எழுதிவிட்டேன். டாக்டர்கள் கூடினால் அப்படித்தான் பேசிக்கொள்வோம்: "நாங்க என்ன பண்றது, அவங்கதான் கேக்குறாங்க." இதைச் சோதித்துப் பார்த்த ஒரு பழைய ஆய்வு 1999இல் வந்தது. குழந்தைகளை அழைத்து வந்த பெற்றோரிடம் டாக்டரைப் பார்க்கும் முன்பே என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்று எழுதி வாங்கினார்கள். டாக்டரிடம், இந்தப் பெற்றோர் என்ன எதிர்பார்த்தார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டார்கள். வைரஸ் தொற்று என்று டாக்டரே கணித்த குழந்தைகளில்கூட, பெற்றோர் ஆன்டிபயாடிக் எதிர்பார்ப்பதாக டாக்டருக்குத் தோன்றியபோது 62 சதவீதம் எழுதினார். தோன்றாதபோது 7 சதவீதம். வேடிக்கை என்னவென்றால், பெற்றோர் உண்மையில் எதிர்பார்த்தார்களா என்பதற்கும் எழுதிக்கொடுத்ததற்கும் சொல்லிக்கொள்ளும்படித் தொடர்பே இல்லை. டாக்டர் யூகித்ததற்குத்தான் மருந்து கிடைத்தது. பெற்றோர் திருப்தியாகப் போனார்களா என்பதைத் தீர்மானித்தது, எதிர்பார்த்த அளவுக்கு டாக்டர் தங்களோடு பேசினாரா என்பது.

என் தொழில்காரர்கள் எல்லாரும் இதைப் படிக்க வேண்டும் என்பது என் ஆசை. நாம் மக்களின் ஆசை என்று நினைப்பதில் ஒரு பங்கு நம்முடைய பயம். ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லையென்றால் "ஏன் எடுத்தீங்க" என்று எந்த நோயாளியும் சண்டைக்கு வருவதில்லை. எடுக்காமல் ஏதாவது ஆகிவிட்டால் "ஏன் எடுக்கலை" என்ற கேள்வி வாழ்நாள் முழுக்கத் துரத்தும். கால்பந்தில் பெனால்டி உதையைப் பற்றி ஓர் ஆய்வு உண்டு. 286 உதைகளைப் பார்த்தார்கள். நடுவிலேயே நின்றால் பந்தைத் தடுக்கும் வாய்ப்பு அதிகம், ஆனாலும் கோல்கீப்பர்கள் நூற்றுக்கு 94 தடவை இடமோ வலமோ பாய்ந்தார்கள். பாய்ந்து கோட்டை விட்டால் 'முயற்சி பண்ணினான்', நின்று கோட்டை விட்டால் 'மரம் மாதிரி நின்னான்'. மருத்துவமனையிலும் அதேதான், டாக்டருக்கும் நோயாளிக்கும்.

சளியையும் முதுகுவலியையும் பற்றி மக்களிடம் பேசிப் புரியவைக்க முடிகிறது. ஆறு வாரத்தில் வலி போனால் டாக்டர் சொன்னது சரி என்று தெரிந்துவிடுகிறது. புற்றுநோய்ப் பரிசோதனை அப்படியில்லை. 'வருமுன் காப்போம்', 'முளையிலேயே கிள்ளு' என்று நமக்கு ஊட்டி வளர்க்கப்பட்ட அறிவுக்கு எதிராகப் பேச வேண்டியிருக்கிறது.

2004இல் வெளியான ஓர் அமெரிக்கக் கருத்துக்கணிப்பை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். 500 பேரிடம் தொலைபேசியில் கேட்டது. 87 சதவீதம் பேர், நோய் அறிகுறி இல்லாதவர்களுக்குப் புற்றுநோய்ப் பரிசோதனை அநேகமாக எப்போதுமே நல்லது என்றார்கள். இலவசமாக உடம்பு முழுக்க சி.டி. ஸ்கேன் வேண்டுமா, ஆயிரம் டாலர் ரொக்கம் வேண்டுமா என்றதற்கு 73 சதவீதம் பேர் ஸ்கேனைத் தேர்ந்தெடுத்தார்கள். கேட்கப்பட்ட 500 பேரில் கிட்டத்தட்ட நாற்பது சதவீதம் பேர் ஏற்கெனவே ஒரு தடவையாவது 'சந்தேகம்' என்று வந்து, பிறகு ஒன்றுமில்லை என்று ஆனவர்கள். அதில் பலர் அந்த நாட்களை 'வாழ்க்கையிலேயே பயங்கரமான காலம்' என்ற அளவுக்குச் சொன்னார்கள். அப்படியும், முதலில் டெஸ்ட் எடுத்ததற்காக மகிழ்ச்சியா என்றால் 98 சதவீதம் பேர் ஆம் என்றார்கள்! பயமுறுத்தி, ஊசி குத்தி, கடைசியில் 'ஒன்றுமில்லை' என்று அனுப்பினால் கோபம் வரவில்லை, நன்றி வருகிறது.

இதன் உச்சம் தென்கொரியாவின் தைராய்டு கதை. அங்கே 1999இல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பித்தது. தைராய்டு அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் பரிசோதனைக்கு வந்தவர்களிடம், சின்னத் தொகை கட்டினால் கழுத்துக்கும் அல்ட்ராசவுண்டு எடுத்துவிடலாம் என்றார்கள். வலியில்லாத டெஸ்ட், யார் வேண்டாம் என்பார்கள்? 2011 வாக்கில் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்படுவது 1993இல் இருந்ததைப்போல 15 மடங்கு ஆனது. அந்த ஒரே வருஷத்தில் நாற்பதாயிரம் பேருக்கு மேல். தைராய்டு புற்றுநோயால் இறப்பவர்கள் எண்ணிக்கையோ வருஷத்துக்கு நானூறுக்குள்தான். முன்னாலும் அப்படித்தான், பின்னாலும் அப்படித்தான். புதிதாக நோய் பரவியிருந்தால் சாவும் ஏறியிருக்க வேண்டும். பரிசோதனை உயிர்களைக் காப்பாற்றியிருந்தால் சாவு இறங்கியிருக்க வேண்டும். இரண்டும் நடக்கவில்லை. வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய சீவல்களாக அறுத்துப் பார்த்த பின்லாந்து ஆய்வு ஒன்று 1985லேயே வந்திருந்தது. அவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் சின்னஞ்சிறு புற்றுக்கட்டி இருந்தது. வாழ்நாள் முழுக்க அதை அவர்கள் அறியவே இல்லை. கொரியாவில் தேடிப் பிடித்ததில் பெரும்பகுதி இந்த ரகம்தான்.

கண்டறியப்பட்ட ஏறக்குறைய எல்லாருக்கும் அறுவை சிகிச்சை நடந்தது. தைராய்டை முழுக்க எடுத்துவிட்டால் ஆயுள் முழுக்க மாத்திரை. அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில் பத்தில் ஒருவருக்குக் கால்சியம் அளவைப் பார்த்துக்கொள்ளும் சுரப்பிகள் பாதிக்கப்பட்டன. நூற்றில் இரண்டு பேருக்குக் குரல் நாண் செயலிழந்தது. அவர்களைக் கேட்டால் என்ன சொல்வார்கள்? "நல்லவேளை, ஆரம்பத்திலேயே கண்டுபிடிச்சாங்க, பிழைச்சேன்." எந்தப் பரிசோதனை தேவையில்லாத நோயாளிகளை அதிகமாக உருவாக்குகிறதோ, அதற்குத்தான் 'என் உயிரைக் காப்பாற்றியது' என்று சாட்சி சொல்பவர்களும் அதிகமாவார்கள். தனக்கு நடந்தது தேவையில்லாத அறுவை என்று ஒரு தனிமனிதரால் ஒருநாளும் தெரிந்துகொள்ள முடியாது. கூட்டக் கணக்கில்தான் அது தெரியும். அவர் முன் உட்கார்ந்து, "உங்களுக்குச் செய்தது வீண்" என்று சொல்ல எனக்கும் மனசு வராது. சொன்னாலும் அது உண்மை என்று நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை.

கொரியக் கதைக்கு ஒரு மறுபாதி உண்டு, உங்கள் கேள்விக்கு அதுதான் முக்கியம். 2014இல் அந்நாட்டு மருத்துவர்கள் சிலர் சேர்ந்து, அறிகுறி இல்லாதவர்களுக்குத் தைராய்டு அல்ட்ராசவுண்டு வேண்டாம் என்று பகிரங்கமாக எழுதினார்கள். தொலைக்காட்சியிலும் பத்திரிகைகளிலும் விவாதம் கிளம்பியது. ஒரு வருஷத்துக்குள் தைராய்டு புற்றுநோய் அறுவை சிகிச்சைகளில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனது. தடைச்சட்டம் எதுவும் வரவில்லை. மக்கள் மாறவே மாட்டார்கள் என்று சொல்பவர்களுக்கு இதைத்தான் காட்டுவேன்.

அவசரமாக ஒரு தடுப்பு போட்டுவிடுகிறேன்: எல்லாப் பரிசோதனையும் வீண் என்று நான் சொல்லவில்லை. கருப்பை வாய், பெருங்குடல் பரிசோதனைகள் உயிர் காக்கின்றன. மார்பகப் பரிசோதனையில் லாபமும் நஷ்டமும் இரண்டுமே உண்டு. பிரிட்டனில் 2012இல் ஒரு சுயேச்சைக் குழு போட்ட கணக்கு: ஐம்பது வயதிலிருந்து இருபது வருஷம் பதினாயிரம் பெண்களை அழைத்தால் 43 மரணங்கள் தவிர்க்கப்படும், தொந்தரவே செய்திருக்காத புற்று 129 பேருக்குக் கண்டுபிடிக்கப்படும். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு பெண் வேண்டும் என்பார், இன்னொருவர் வேண்டாம் என்பார். இரண்டு பேரும் சரி. முதல் எண்ணை மட்டும் காட்டுவதுதான் தப்பு.

பெயரும் வேலை செய்கிறது. மார்பகத்தில் பால் குழாய்க்குள்ளேயே நிற்கும் ஒருவகை மாற்றம் உண்டு. அதே நிலையை மூன்று விதமாக விவரித்து, என்ன சிகிச்சை தேர்ந்தெடுப்பீர்கள் என்று 394 பெண்களிடம் கேட்ட ஆய்வு 2013இல் வந்தது. 'பரவாத புற்றுநோய்' என்றபோது 47 சதவீதம் அறுவையைத் தேர்ந்தெடுத்தார்கள். 'இயல்பு மாறிய செல்கள்' என்றபோது 31 சதவீதம். மற்ற விவரமெல்லாம் ஒன்றுதான்.

அடுத்து சந்தேகம். 'இது உங்களுக்கு வேண்டாம்' என்று சொல்பவருக்கு அதனால் என்ன லாபம் என்று மக்கள் பார்க்கிறார்கள். பார்க்கத்தான் வேண்டும். 2009 நவம்பரில் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பரிந்துரைக் குழு, நாற்பதுகளில் இருக்கும் எல்லாப் பெண்களுக்கும் வழக்கமான மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) தேவையில்லை, ஐம்பதிலிருந்து இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை போதும் என்றது. காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றி அந்த நாடே சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். மருத்துவத்துக்கும் ரேஷன் முறை வந்துவிட்டது, பெண்களைச் சாக விடுகிறார்கள் என்று கூச்சல் கிளம்பியது. கடைசியில் அந்தப் பரிந்துரையை ஒதுக்கிவைக்கும்படி சட்டத்திலேயே எழுதிச் சேர்த்தார்கள். 2024இல் அதே குழு புதிய கணக்குகளைப் பார்த்து, நாற்பதிலிருந்தே இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை என்று திரும்ப மாற்றிக்கொண்டது. அறிவியலில் இது சகஜம். வெளியே இருந்து பார்ப்பவருக்கு, 'இவங்களுக்கே தெளிவில்லை, நான் எதுக்கு ரிஸ்க் எடுக்கணும்' என்றுதான் படும்.

இன்னொரு பக்கம், தேவையான சிகிச்சையே கிடைக்காதவர்கள் உலகமெங்கும் கோடிக்கணக்கில் இருக்கிறார்கள். வலி என்று போன இடமெல்லாம் "மனசுலதான்" என்று திருப்பி அனுப்பப்பட்டவரிடம் போய், மருத்துவத்தைக் குறைப்போம் என்று பேசினால் அவர் எரிச்சலடைவதில் தப்பே இல்லை. குறைப்பு என்ற வார்த்தை அவர் காதில் பழைய மறுப்பாகத்தான் விழும். 2012இல் அமெரிக்காவில் தேவையில்லாத மருத்துவத்தைக் குறைப்பதற்காகவே ஓர் இயக்கம் ஆரம்பித்தபோது பெயரில் 'குறை', 'நிறுத்து' என்று எதுவும் வராமல் 'சூசிங் வைஸ்லி' என்று, அறிவோடு தேர்ந்தெடுப்பது என்ற பொருளில் வைத்தார்கள். பிறகு இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போனது. நோயாளிகள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் என்று ஒரு சின்னப் பட்டியலும் தந்தார்கள்: இது எனக்குத் தேவையா, ஆபத்து என்ன, எளிய வழி உண்டா, ஒன்றுமே செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற மாதிரி. நல்ல கேள்விகள்தான். எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. வலியோடும் பயத்தோடும் எதிரே உட்கார்ந்திருப்பவர் டாக்டரைக் குறுக்கு விசாரணை செய்வார் என்று எதிர்பார்க்கிறோம். அந்தக் கேள்விகளுக்கான பதிலை நானே முந்திக்கொண்டு சொன்னால் என்ன?

சொன்னால் பலன் இருக்கிறது. இருமலை எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண நெஞ்சுச் சளி இருமல் சராசரியாக 18 நாள் நீடிக்கும். மக்கள் எதிர்பார்ப்பது ஏழிலிருந்து ஒன்பது நாள். எட்டாம் நாள் வந்து நிற்பவர் பேராசைக்காரர் அல்ல. அவர் கணக்குப்படி நோய் முற்றிக்கொண்டிருக்கிறது. முதல் நாளே "மூன்று வாரம்கூட இழுக்கும்" என்று சொல்லியிருந்தால் பாதிப் பேர் வந்திருக்கவே மாட்டார்கள் என்பது என் அனுபவம். இன்னொரு வழி, சீட்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டு, "இப்போது வாங்காதீர்கள், இத்தனை நாளில் சரியாகவில்லை என்றால் மட்டும் வாங்குங்கள்" என்பது. இப்படிச் செய்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், உடனே மருந்து எழுதிக்கொடுத்தவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டார்கள், இவர்களில் சுமார் 30 சதவீதம்தான். திருப்தியில் பெரிய வித்தியாசம் இல்லை. மருந்து பையில் இருந்தால் போதும், வயிற்றுக்குள் போக வேண்டியதில்லை!

இனி உங்கள் அப்பா. அவருடைய இரண்டு மாத்திரைகள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. இந்த வயதில் நிறுத்தப் பார்ப்பவற்றில் அடிக்கடி வருபவை தூக்க மாத்திரையும் நெஞ்செரிச்சல் மாத்திரையும். இரண்டுக்குமே ஒரு சூட்சுமம் இருக்கிறது. வருஷக்கணக்காகச் சாப்பிட்ட தூக்க மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. தூக்கம் கெடும், பதற்றம் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையை நிறுத்தினால், கொஞ்ச நாளைக்கு அமிலம் முன்பைவிட அதிகமாகவே சுரக்கும். வயிற்றுப் பிரச்சினையே இல்லாத ஆரோக்கியமான 120 பேரைச் சேர்த்து, அவர்களில் பாதிப் பேருக்கு எட்டு வாரம் அந்த மாத்திரையும் மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத போலி மாத்திரையும் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2009இல் வந்தது. நிறுத்தியதும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நாற்பது சதவீதத்துக்கு மேல் நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் என்று அவதிப்பட்டார்கள். போலி மாத்திரைக்காரர்களில் 15 சதவீதம்தான். இது தெரியாமல் நிறுத்துபவர் நான்காம் நாள், "பாத்தியா, நான் சொன்னேன்ல, இது இல்லாம என்னால முடியாது" என்பார். டாக்டர் மேல் இருந்த சந்தேகம் நிரூபணமாகிவிடும்.

கனடாவில் ஒரு குழு வேறு மாதிரி செய்து பார்த்தது, 2014இல் முடிவு வந்தது. நீண்ட காலமாகத் தூக்க மாத்திரை சாப்பிட்ட 65 வயதுக்கு மேற்பட்ட 303 பேர். ஒரு பாதிப் பேருக்கு ஒரு கையேடு கொடுத்தார்கள். அந்த மாத்திரை வயதானவர்களைக் கீழே விழவைக்கும், மறதி தரும் என்ற விவரம், சின்னச் சின்னக் கேள்விகள், எப்படிப் படிப்படியாகக் குறைப்பது என்று முழு மாத்திரை, அரை, கால் என்று படம் போட்ட அட்டவணை. யாரும் கட்டாயப்படுத்தவில்லை. ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் முழுக்க நிறுத்தியிருந்தார்கள். கையேடு கிடைக்காதவர்களில் 5 சதவீதம். டாக்டரிடமோ மருந்தாளரிடமோ பேச்சை ஆரம்பித்தவர்கள் அந்த முதியவர்களேதான்.

அதனால் அப்பாவிடம் "டாக்டர் சொல்றதைக் கேளுங்க" என்று மல்லுக்கட்டாதீர்கள். அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள். அந்த இரண்டு மாத்திரைகளும் எதற்காக, எந்த வருஷம் ஆரம்பித்தவை, இப்போது ஏன் வேண்டாம் என்பதை டாக்டரை அவரிடமே, உங்களிடம் இல்லை, அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் நிறுத்த வேண்டாம், ஒன்று முடிந்து சில வாரம் கழித்து மற்றொன்று. எத்தனை நாளைக்கு என்ன தொந்தரவு வரக்கூடும், அதில் எது தானாகப் போகும், எது வந்தால் உடனே கூப்பிட வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். மறுபடி பார்க்கும் தேதியையும் அதே தாளில் குறித்து வாங்குங்கள், தேவைப்பட்டால் மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்துக்கொள்ளலாம் என்பதையும் சேர்த்து. மற்ற ஏழில் கை வைக்க வேண்டாம். ரத்த அழுத்தம், இதயம், வலிப்பு மாத்திரைகளில் சிலவற்றை நாமாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

அந்த முதுகுவலிக்காரருக்கும் கடைசியில் ஒரு தாள்தான் கொடுத்தேன். காலில் பலம் குறைந்தால், சிறுநீர் அடைத்தால், அந்தரங்கப் பகுதி மரத்துப்போனால், காய்ச்சல் வந்தால் நேரம் காலம் பார்க்காமல் வாருங்கள் என்று எழுதி, கீழே மூன்று வாரம் தள்ளி ஒரு தேதி. சொன்ன தேதிக்கு வந்தார், நிமிர்ந்து நடந்துதான். தாளைப் பர்ஸில் நாலாக மடித்து வைத்திருந்தார். இனிமேல் வேண்டியதில்லை, தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றேன். "இருக்கட்டும் டாக்டர்" என்று திரும்ப உள்ளே வைத்துக்கொண்டார்.